ஆறு தப்படி

கிலிஃபி
3 மார்ச் 1991

சாரோ,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருப்பது தெரிகிறதா? தாளை வீணாக்க மனமில்லை, அதனால் அதிலேயே தொடர்கிறேன்.

உன் முகவரியைப் பக்காரிதான் கொடுத்தார். தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு ஊர் வழியாகப் போகும்போது லாரியை நிறுத்தி நம் வாசலில் தண்ணீர் கேட்டார். உன்னைக் கெரிச்சோவில் தேயிலைக் கம்பெனியின் கோல்ஃப் கிளப்பில் பார்த்ததாகச் சொன்னார். புல்வெட்டும் வேலையாம். சாயங்காலம் ஆட்கள் போன பிறகு நீ தனியாக நின்று அடிக்கிறாயாம்.

“உன் தம்பி அடிக்கிற பந்து திரும்பி வரவே மாட்டேங்குது காச்சே. மேட்டுல நின்னு அடிச்சா பள்ளத்துல இருக்கிற பைன் மரத்தத் தாண்டிப் போவுது. அங்க இருக்கிறவன் எல்லாம் வேலைய விட்டுட்டு வேடிக்கை பாக்கிறான்” என்றார்.

எந்தக் கட்டையால் அடிக்கிறான் என்று மட்டும் கேட்டேன். மரத்தலை வைத்த பெரிய கட்டை என்றார். எனக்குத் தெரிந்ததுதான்.

அம்மா இருபது வருடம் நம் ஊர் கிளப்பில் துண்டு துவைத்ததற்காக, ஊரை விட்டுப் போன ஒரு கிழட்டு உறுப்பினர் கொடுத்த கட்டை அது. அம்மா பெயரைச் சொல்லி, ஞேவுவின் பிள்ளைகளுக்கு என்றுதான் கொடுத்தார். ஒற்றை மாதம் எனக்கு, இரட்டை மாதம் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நீ போனது ஆகஸ்டில். அது உன் மாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு செப்டம்பர் வந்தது. நவம்பர் வந்தது. ஜனவரி வந்தது.

அம்மாவைப் புதைத்த எட்டாம் நாள் போனாய். மொட்டை போடும் நாளுக்குக் கூட இருக்கவில்லை. சித்தப்பா கேட்டார், மாமா கேட்டார். உன் தலையையும் சேர்த்து என் ஒரே தலையில் மழித்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்.

சண்டை போட எழுதவில்லை. ஜூன் 15, 16 இரண்டு நாளும் நம் மைதானத்தில் துறைமுகத்துப் பெண்கள் அணிக்குத் தேர்வு நடக்கிறது. ஓர் இடம்தான். கிடைத்தால் நிரந்தர வேலை, தங்க இடம். பிறகு நான் யாருடைய பையையும் தோளில் தூக்க வேண்டாம். மற்ற குழிகளைப் பற்றி எனக்குப் பயமில்லை. பதினான்காம் குழி உனக்குத் தெரியும். அந்தப் பாறையிலிருந்து இந்தப் பாறைக்கு, நடுவில் கடல். நூற்று அறுபத்திரண்டு தப்படி பந்து காற்றிலேயே போக வேண்டும். ஜூனில் கூசிக் காற்று முகத்தில் அடிக்கும். என் சின்னக் கட்டையால் நூற்று நாற்பதுக்கு மேல் போகாது. ஓரமாகச் சுற்றிப் போனால் ஓர் அடி நஷ்டம். மற்றவர்கள் தாண்டுவார்கள்.

வீச்சில் எதை மாற்றினாய்? எழுது.

காச்சே

*

கெரிச்சோ
16 மார்ச் 1991

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகக் குமாஸ்தா தூக்கிப் பிடித்துக்கொண்டு “ப்வானி, உனக்குக்கூட யாரோ இருக்காங்கடா” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். இங்கே என் பெயர் சாரோ இல்லை, ப்வானி. கடற்கரைக்காரன் என்று அர்த்தமாம். இவர்கள் பேசும் கிப்சிகிஸ் எனக்குப் பிடிபடவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிறார்களா, திட்டுகிறார்களா என்று முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். சுரைக்குடுவையில் கரி பூசிப் புளிக்கவைத்த பால் கொடுக்கிறார்கள். முதல் நாள் துப்பிவிட்டேன். இப்போது குடிக்கிறேன். தேங்காய்ப்பாலில் வெந்த துவரையை நினைத்தால் மட்டும் குடுவையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

தினமும் மூன்று மணிக்கு மழை. பிறகு மூட்டம். மூட்டத்தில் பந்து போவது தெரியாது, விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

வீச்சைக் கேட்டாய். அக்கா, நான் சும்மா அளக்கவில்லை. அங்கே என் அடி இருநூற்று முப்பது தப்படி போகும், நீயே எண்ணியிருக்கிறாய். இங்கே இருநூற்று எழுபத்தைந்து. இரண்டு தடவை நடந்து எண்ணினேன். நான் செய்வது இதுதான்:

முதலில் காலை அகட்டி நில், தோளை விட ஒரு சாண் அதிகமாக. பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். பந்தை வைக்கும் முளையை உயரமாகக் குத்து, பாதிப் பந்து கட்டையின் நெற்றிக்கு மேலே தெரிய வேண்டும். பின்னால் தூக்கும்போது உன் முதுகு குழியைப் பார்க்கும் வரை திரும்பு. இடது குதிகால் தூக்கிக்கொண்டால் தூக்கிக்கொள்ளட்டும். இறங்கும்போது கை அவசரப்படக் கூடாது, இடுப்புதான் முதலில் கிளம்ப வேண்டும். மணிக்கட்டைக் கடைசி வரை மடக்கியே வைத்திருந்து பந்துக்குக் கிட்டே வந்ததும் விடு.

ஒரு பயிற்சியும் உண்டு. கட்டையைத் தலைகீழாகப் பிடி. தலைப்பக்கம் கையில், பிடிப்பக்கம் காற்றில். அப்படியே வீசு. உஸ் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் பந்துக்கு முன்னால் கேட்டால் பலம் வீண். பந்தைத் தாண்டிய பிறகு கேட்க வேண்டும். மழை நாட்களில் கூரைக்கு அடியில் நின்று இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எத்தனை தப்படி கூடியது என்று எழுது. மறக்காமல் எழுது.

சாரோ

பி.கு. மொட்டையைப் பற்றி எழுதினாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

*

கிலிஃபி
7 ஏப்ரல் 1991

சாரோ,

பெரிய கட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கவனித்தேன்.

நீ சொன்னபடி இரண்டு வாரம் செய்து பார்த்தேன். மைதானத்தில் இல்லை, கடற்கரையில். வற்றத்தில் கடல் நன்றாக இறங்கியதும் மணல் சிமெண்டுத் தரை போல் இறுகிக் கிடக்கிறது. பந்தும் தொலையாது, யாரும் பார்க்க மாட்டார்கள். பழைய படகுக் கம்பத்திலிருந்து அடித்துத் தப்படி எண்ணுகிறேன். போகும்போது ஒரு வரிசைக் காலடி, வரும்போது ஒரு வரிசை. திரும்பி வந்து பார்த்தால் யாரோ இரண்டு பேர் சேர்ந்து நடந்த மாதிரி இருக்கிறது.

கூடியது நான்கு தப்படி. அதுவும் பத்தில் இரண்டு பந்துக்குத்தான். மீதி எட்டும் வலப்பக்கம் வளைந்து தண்ணீருக்குள் போகின்றன. மூன்று பந்தை அலை கொண்டுபோய்விட்டது. பந்து கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

ஜூமாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பை தூக்கும் கேடிகளுக்கெல்லாம் தலைவர் அல்லவா, எல்லாம் தெரிய வேண்டும் அவருக்கு. நேற்று பத்துப் பேர் முன்னால், “என்ன காச்சே, கடற்கரையில கல்யாண ஆட்டம் ஆடுறியாமே. மாப்பிள்ளை யாரு, நண்டா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “நண்டு உங்கள விட நேரா நடக்குது” என்றேன். அது அவ்வளவு நல்ல பதில் இல்லை, நண்டு நேராக நடக்காது. ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டார்.

குதிகாலைத் தூக்கினால் எனக்குத் தரையே போய்விடுகிற மாதிரி இருக்கிறது. உனக்கு எப்படி?

கூசி இன்னும் தொடங்கவில்லை. பனைமரங்கள் அசையாமல் நிற்கின்றன. வீட்டில் உன் கட்டிலை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டேன். இடம் நிறைய ஆகிவிட்டது. அவ்வளவு இடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, திரும்பவும் விரித்துவிட்டேன்.

காச்சே

*

கெரிச்சோ
18 ஏப்ரல் 1991

அன்புள்ள அக்கா,

நண்டு விஷயத்தைக் குமாஸ்தாவுக்குச் சொன்னேன். அவன் நண்டையே பார்த்ததில்லை. கையால் செய்து காட்டினேன், சிலந்தி என்று நினைத்துவிட்டான்.

நான்கு தப்படி என்று வருத்தப்படாதே. உடம்பு பழகவில்லை. வலப்பக்கம் வளைவது பிடியால்தான். இடது கையை இன்னும் உள்பக்கம் திருப்பிப் பிடி, குனிந்து பார்த்தால் உன் விரல் முட்டிகளில் மூன்று தெரிய வேண்டும். இன்னொன்று, தூக்கும்போது இன்னும் திரும்பு. இடுப்பு வலிக்கிற வரை திரும்பு. பலம் எல்லாம் அந்த முறுக்கில்தான் இருக்கிறது.

குதிகால் தூக்குவதற்குப் பயப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மொம்பாசாவிலிருந்து ஒரு பெரியவர் விளையாட வந்தார். குர்தியால் சிங் என்று பெயர், மோட்டார் உதிரிபாகக் கடை. கேடி கிடைக்காததால் நான்தான் பையைத் தூக்கினேன். நம் ஊர்ச் சுவாஹிலி பேசினார். அதைக் கேட்டே எத்தனை மாதமாகிவிட்டது. முதல் அடி அடித்ததும் அவர் ஒன்று சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

வாரம் ஒரு கடிதம் எழுத முடியுமா? எண்ணிக்கையை மட்டும் எழுதினாலும் போதும். திங்கள் எத்தனை, செவ்வாய் எத்தனை என்று. உன் கடிதம் வரும் நாளில் மழை பெய்தாலும் நான் கூரைக்கு ஒதுங்குவதில்லை. தபால்காரனின் சைக்கிள் பாலத்தில் ஏறும்போதே தெரியும்.

சாரோ

*

கிலிஃபி
12 மே 1991

சாரோ,

வாரம் ஒரு கடிதம் எழுத முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

இடுப்பு வலிக்கிற வரை திரும்பச் சொன்னாய். திரும்பினேன். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை பின்னிடுப்பில் ஏதோ கத்தி இறங்கிய மாதிரி இருந்தது. மணலில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. கட்டையை ஊன்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாகக் கரைக்கு வந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை. பயம் தண்ணீரைப் பார்த்து இல்லை. யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன், ஒரு பெயரும் வாயில் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

பத்து நாள் படுத்தே கிடந்தேன். திருமதி பெரெய்ரா மட்டும் வந்து பார்த்தார். நான் பை தூக்கும் பல் வைத்தியர் மனைவி, உனக்கு நினைவிருக்கும். தைலம் கொடுத்தார்.

இப்போது வலி இல்லை. நேற்று மைதானத்துக்குப் போய் என் பழைய மாதிரியே அடிக்கலாம் என்று நின்றேன். அது இல்லை, சாரோ. என் பழைய வீச்சு இல்லை. காலை எவ்வளவு தள்ளி வைப்பேன் என்று தெரியவில்லை. கையை எங்கே நிறுத்துவேன் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் எதுவுமே என்னுடையது மாதிரி இல்லை. முதல் பந்து தரையில் உருண்டது. இரண்டாவது வேலியைத் தாண்டியது. மூன்றாவதைக் கட்டை தொடவே இல்லை.

திருமதி பெரெய்ரா பக்கத்தில் நின்று பார்த்தார். “காச்சே, உன்னோட அந்தச் சின்ன, அழகான அடி எங்க போச்சு?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வீச்சு தூரம் போகாது. ஆனால் நூறு அடித்தால் தொண்ணூற்றெட்டு நேராகப் போகும். அதை வைத்துத்தான் தேர்வுக்குப் பெயரே கொடுத்தேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கூசி எழும்பிவிட்டது, ஓலைக்கூரை இரைகிறது.

எனக்கு ஒன்று மட்டும் சொல். இந்த மாற்றம் எல்லாம் உனக்கு எத்தனை நாளில் வந்தது? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாங்கள் எல்லோரும் பார்க்காமல் உனக்கு மட்டும் எப்படிப் பலம் வந்தது?

காச்சே

*

கெரிச்சோ
19 மே 1991

அக்கா,

இந்தக் கடிதத்தோடு பெரிய கட்டையையும் பக்காரியிடம் கொடுத்திருக்கிறேன். சாக்கில் சுற்றி, தலைக்கு என் கம்பளித் தொப்பியை மாட்டியிருக்கிறேன். தொப்பியையும் வைத்துக்கொள்.

உட்கார்ந்துகொண்டு படி.

எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குப் பலம் வரவில்லை. குர்தியால் சிங் முதல் அடி அடித்ததும் பந்து போவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எழுபது வயது அவருக்கு. “தம்பி, இந்த மலையில நான்கூட ராட்சசன்தான்” என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் நடந்துகொண்டே விளக்கினார். இவ்வளவு உயரத்தில் காற்று மெலிசாக இருக்கிறதாம். பந்தைப் பிடித்து இழுக்க ஆளில்லை. கடற்கரைக் காற்று கனம், ஈரம், எதிர்த்து வேறு வீசும். ஒரே மனுஷன், ஒரே அடி, இங்கே பத்தில் ஒரு பங்கு கூடப் போகும். அதற்கு மேல், நாங்கள் நின்று அடிக்கும் முதல் மேடை பள்ளத்தைப் பார்த்து இருக்கிறது. விழுந்த பிறகும் உருளும். “கீழ எறங்கினதும் பழையபடி கிழவன் ஆயிடுவேன்” என்றார்.

நான் நம்பவில்லை. அவர் போன பிறகு மேட்டை விட்டுச் சமதரைக்குப் போனேன். காலை அகட்டாமல், குதிகால் தூக்காமல், கிலிஃபியில் அடித்த மாதிரியே அடித்தேன். இருநூற்று ஐம்பது போனது. பிறகு மாற்றியதையெல்லாம் சேர்த்து அடித்தேன். அதுவும் இருநூற்று ஐம்பது. அன்றைக்கு மூட்டத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

இது ஏப்ரல் 14. உனக்கு எழுதியது ஏப்ரல் 18.

முதல் கடிதம் எழுதும்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. நான் மாறிவிட்டேன் என்றே நம்பினேன். இங்கே வந்து ஒன்றாவது நல்லதாக நடந்திருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் கடிதம் எழுதும்போது தெரியும். தெரிந்துதான் பிடியைத் திருப்பு, இடுப்பை முறுக்கு என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் உனக்கு என்னிடம் கேட்க வேறு ஒன்றும் இருக்காது. கடிதம் நின்றுவிடும். அதுவரை எட்டு மாதத்தில் உன்னைத் தவிர யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை அக்கா. மணி என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

நீ தண்ணீர் ஏறும்போது மணலில் உட்கார்ந்திருந்ததைப் படித்த பிறகு இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. அதைச் சொல்லி உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் என்னால் செய்ய முடியும். உன் பழைய வீச்சு உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. பதினோரு வருடம் உன் பின்னால் நின்று பந்து எங்கே விழுகிறது என்று பார்த்தது நான்தான். நீ எப்போதும் பந்தைத்தான் பார்த்தாய், உன்னை நீ பார்த்ததில்லை. எழுதிக்கொள்.

கால்கள் நெருக்கமாக இருக்கும். ரேஷன் வரிசையில் நிற்கிறவள் மாதிரி. பந்து நடுவிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் இடப்பக்கம். நிற்கும்போது வலது முழங்காலை ஒரு தடவை உள்ளே அழுத்துவாய். கடலை இரண்டு தடவை பார்ப்பாய், பந்தை ஒரு தடவை.

இடது குதிகால் தூக்கவே தூக்காது. “அவ குதிகாலுக்குக் கீழ பாம்பு இருக்கு, விட்டா கடிச்சிரும்” என்று அம்மா சொல்லுவாளே.

கை காதுக்கு மேலே போகாது. கட்டைவிரல் காது வரைக்கும் வந்ததும் நின்றுவிடும். எல்லோரும் அதைக் குறை என்றார்கள். அதனால்தான் உனக்குப் பந்து நேராகப் போகிறது. வலது முழங்கை ரவிக்கையை உரசிக்கொண்டே இறங்கும், அதனால் உன் ரவிக்கை எல்லாமே அந்த ஓரத்தில்தான் நைந்திருக்கும். போய்ப் பார்.

அடிக்கும்போது முணுமுணுப்பாய். மேலே போகும்போது மோஜா, பந்தில் ம்பிலி. ஒன்று, இரண்டு. ஒன்று நீளமாக இருக்கும், இரண்டு குட்டையாக இருக்கும். உனக்கே தெரியாது. எங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

அடித்த பிறகு எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நீ முதலில் முளையைத்தான் தேடுவாய். முளை உடைந்ததா என்று பார்த்து எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டுதான் தலை நிமிர்வாய். அதனால் உன் தலை கடைசி வரை குனிந்தே இருக்கும். அது ஒரு பெரிய வித்தை என்று இங்கே துரைமார்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முளைப் பஞ்சம்தான் உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

அவ்வளவுதான். வேறு எதையும் சேர்க்காதே.

நான் எட்டாம் நாள் போனதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். அம்மாவின் துவைகல்லில் சோப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நீ அதைக் கழுவவில்லை. நானும் கழுவவில்லை. எட்டாம் நாள் காலையில் மழை பெய்து அது நுரைத்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

சாரோ

*

கிலிஃபி
4 ஜூன் 1991

கட்டை வந்தது. கடிதத்தைப் படித்தேன். இப்போது உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் நல்லதாக வராது.

காச்சே

*

கெரிச்சோ
9 ஜூன் 1991

அக்கா,

எழுத வேண்டாம். 15ஆம் தேதி எனக்கு வேலை இருக்கிறது, ஆனால் நாள் முழுக்கத் தெரியும் நீ எத்தனையாவது குழியில் இருக்கிறாய் என்று. நம் ஊரில் எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினான்காம் குழிக்கு வர பதினொன்றரை ஆகும்.

சாரோ

*

கிலிஃபி
19 ஜூன் 1991

அன்புள்ள சாரோ,

இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவதாக வந்தேன். இராணுவத்தில் வேலை பார்க்கும் ஒருத்திக்குக் கிடைத்தது. உயரமானவள், தோள் படகோட்டி தோள் மாதிரி. இரண்டு நாளும் பதினான்காம் குழியைத் தாண்டினாள். மலைக்காரியா என்று விசாரித்துவிட்டேன். இல்லை, கடலுக்கு நடுவே லாமுத் தீவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தூரம் உண்மையான தூரம்தான்.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது கிழித்துவிடத்தான் எடுத்தேன். ஏழு வாரம் போய்விட்டது சாரோ. அந்த ஏழு வாரமும் என் வீச்சோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அதை நாம் இரண்டு பேரும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கிழிக்காததற்குக் காரணம் இரண்டாம் பக்கத்தின் பின்பக்கம். அங்கேதான் ரவிக்கை விஷயம் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐந்து ரவிக்கை, ஐந்தும் வலப்பக்கம் நைந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் கடற்கரைக்குப் போனேன். கடிதத்தின் மேல் ஒரு கல்லை வைத்து, வரி வரியாகப் படித்துப் படித்து நின்றேன். கால் வரிசையில் நிற்கிறவள் மாதிரி. முழங்கால். கடல், கடல், பந்து. முதல் நான்கு நாள் யாரோ ஒருத்தியை நடித்துக்காட்டுகிற மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் குனிந்து முளையை எடுத்துக் காதோரம் செருகினேன். செருகிய பிறகுதான் தெரிந்தது, நான் அதை நினைத்துச் செய்யவில்லை என்று. நிமிர்ந்து பார்த்தேன். பந்து படகுக் கம்பத்துக்கு நேர்கோட்டில் கிடந்தது.

ஜூன் உன் மாதம். ஆனால் செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச், மே என்று ஐந்து மாதம் நீ பிடித்து வைத்திருந்தாய். அதனால் கேட்காமலே உன் ஜூனை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினான்காம் குழியில் தாண்ட முயற்சி செய்யவில்லை. ஓரமாகச் சுற்றிப் போய் ஐந்தில் முடித்தேன். அன்றைய முடிவில் அவளுக்கும் எனக்கும் ஓர் அடிதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை அந்த மேடைக்கு வரும்போதும் அதே ஓர் அடி. சுற்றிப் போனால் வித்தியாசம் இரண்டாகிவிடும், மீதி நான்கு குழியில் அவளைப் பிடிக்க முடியாது. ஜூமாதான் எனக்குப் பை தூக்கினார், அவராகவே கேட்டு வந்தார். கேலி ஒன்றும் பேசவில்லை. பெரிய கட்டையின் தலையிலிருந்து உன் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “நீ சொல்றதுதான் காச்சே. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

காற்று முகத்தில். மணி பதினொன்று இருபத்தைந்து, நீ சொன்னதற்கு ஐந்து நிமிடம் முன்னால்.

காலை அகட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முதுகைத் திருப்பலாம் என்று தோன்றியது. இருபது தப்படி எங்கிருந்தாவது வராதா என்று உடம்பு முழுக்கத் தேடியது. பிறகு குதிகாலைத் தரையில் அழுத்தினேன். கடலை இரண்டு தடவை பார்த்தேன். மோஜா என்று வாய்விட்டே சொன்னேன், ஜூமா திரும்பிப் பார்த்தார்.

நான் இதுவரை அடித்ததிலேயே நல்ல அடி அது. கையில் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு சுத்தமாகப் பட்டது. முளையை எடுத்துச் செருகிவிட்டு நிமிர்ந்தேன். பந்து கொடிக்கம்பத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயவில்லை. எதிர்ப் பாறையின் முகத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே பட்டது. வெள்ளையாக ஒரு புள்ளி மேலே எகிறியது, பிறகு கடலுக்குள் போய்விட்டது.

பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். ஜூமா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஆறு தப்படி” என்றார். பிறகு, “ஆனா நேரா, காச்சே. கோடு போட்ட மாதிரி நேரா” என்றார்.

அதற்குப் பிறகு சுற்றிப் போய், ஏழில் முடித்தேன். மூன்று அடியில் தோற்றேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல திருமதி பெரெய்ராவின் பையைத் தூக்கினேன். அவர் வழியெல்லாம் மருமகளைப் பற்றியே பேசினார், தேர்வைப் பற்றிக் கேட்கவில்லை. நல்ல மனுஷி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து துவைகல்லைக் கழுவினேன். பத்து மாத வெயிலில் சோப்பு கல்லோடு கல்லாகிப் போயிருந்தது. தேங்காய் நாரால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த அடியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதே அடி உன் ஊரில் அடித்திருந்தால் தாண்டியிருக்கும், சாரோ. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாண்டி, இன்னும் பத்துத் தப்படி மிச்சம் இருந்திருக்கும்.

டிசம்பர் உன் மாதம். கட்டையை லாரியில் அனுப்ப மாட்டேன், நானே கொண்டுவருகிறேன். பக்காரி முன் இருக்கையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். துவரையும் தேங்காயும் கொண்டுவருவேன். அந்தக் குடுவைப் பாலை எனக்குக் கொடுக்காதே.

அந்த மேட்டில் நின்று நான் ஓர் அடி அடிக்க வேண்டும். அது மெலிந்த காற்றின் வேலை என்று தெரிந்தேதான் அடிப்பேன். நீ எனக்குப் பின்னால் நில். பிறகு இறங்கிப் போய் எண்ணிக்கொண்டு வா. எத்தனை தப்படி இருக்கிறதோ, குறைக்காமல் அப்படியே சொல்.

அக்கா